முதலில் ஒரு வேலை மேசை

(மீளக்குடியமரும் குடும்பங்களுக்காக நாவுலவில் நடந்த தச்சுப் பயிற்சியின் முதல் நாள் காலை, பயிற்றுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. பயிற்சிக்கு வர முடியாத குடும்பங்களும் செய்து பார்க்கக்கூடியவாறு அளவுகள் முழுமையாகத் தரப்பட்டுள்ளன.)

வெயில் ஏறுவதற்கு முன் பேசி முடித்துவிட்டு முற்றத்துக்குப் போவோம். மரம் அங்கே இறக்கி வைத்திருக்கிறது.

இங்கே இருக்கும் நீங்கள் எல்லோரும் ஒரே ஊருக்குப் போகிறவர்கள் அல்ல. 1977இலும் 1983இலும் மாத்தளைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கேயும் பல தடவை எழும்பி, இப்போது பெற்றோர் பிறந்த ஊர்ப்பக்கம் வந்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இதே ஏ-9 வீதியால் தம்புள்ளையைத் தாண்டி வடக்கே போய், சொந்தக் காணியில் திரும்பக் குடியிருக்கப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். போகும் இடம் எதுவானாலும், உங்களில் பலருக்கு வாழ்வாதார உதவியாகத் தச்சுக் கருவிப் பொதி கிடைத்திருக்கிறது, அல்லது கிடைக்கப் போகிறது. வாள், சீவுளி, இரண்டு மூன்று உளி, சுத்தியல், மூலைமட்டம், அளவு நாடா. நல்ல சாமான்கள்தான்.

அந்தப் பொதிக்குள் இல்லாத ஒரு சாமானைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அது பொதிக்குள் அடங்காது. யாரும் லொறியில் கொண்டுவந்து தரவும் மாட்டார்கள். நீங்களே செய்ய வேண்டும். வேலை மேசை.

பொதி கொடுத்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பல வீடுகளில் அது கட்டிலுக்குக் கீழே கிடக்கும். சில வீடுகளில் விற்றிருப்பார்கள். கேட்டால் "வேலை வரவில்லை" என்பார்கள். நான் அதை முழுக்க நம்புவதில்லை. சுற்றிவர ஐம்பது வீட்டுக்குக் கதவில்லை, யன்னலில்லை. பிறகெப்படி வேலை வராமல் போகும்? மரத்தைப் பிடித்து வைக்க இடமில்லாததால் வேலை சரிவரவில்லை. சரிவராததால் அடுத்த ஆள் கேட்டு வரவில்லை. நடந்தது இதுதான். தச்சு வேலையில் பாதி, மரத்தை அசையாமல் பிடிப்பது. வெட்டுவதும் சீவுவதும் மீதிப் பாதி.

நம்முடைய பழைய ஆசாரிமார் நிலத்தில் உட்கார்ந்து, கால் விரலால் மரத்தைப் பிடித்து வேலை செய்தார்கள் என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். பத்து வயதிலிருந்து அப்படி உட்கார்ந்து பழகிய உடம்பு அது. நாற்பது வயதில், முகாமில் வருடக்கணக்காக வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்த உடம்பால் ஆறரை அடிக் கதவுச் சட்டத்தை நிலத்தில் போட்டுச் சீவிப் பாருங்கள். இரண்டாம் நாள் இடுப்பு நிமிராது. அதைவிட மோசம், மரத்தின் மறுமுனையைப் பிடிக்கப் பிள்ளையைக் கூப்பிடுவது. வாள் துள்ளினால் வெட்டுப்படுவது அந்தச் சின்னக் கைதான். மேசை இருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம்.

வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். வீட்டு உதவி தவணை தவணையாகத்தான் வரும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா என்று வைத்து, அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் கதவும் யன்னலும் கடைசியாகவே வரும், காசு தீர்ந்துபோகும் நேரத்தில். அதனால்தான் கூரை போட்ட வீட்டு வாசலில் தறப்பாள் தொங்குகிறது. வயசுக்கு வந்த பெண் பிள்ளை உள்ள வீட்டில் தறப்பாள் கதவு என்றால் என்ன என்று இங்கே இருக்கும் அம்மாமாருக்குச் சொல்லத் தேவையில்லை. அத்திவாரம் காயும் நாட்களிலேயே மேசையைச் செய்துவிட்டால், சுவர் எழும்பும்போது கதவு நிலையும் யன்னல் நிலையும் உங்கள் கையாலேயே எழும்பும். மரக்காசு போகும், கூலிக்காசு வீட்டிலேயே நிற்கும்.

சரி, இனி மரம். நீங்கள் நினைப்பதுபோல் இதற்கு விலை உயர்ந்த மரம் வேண்டாம். தேக்கு, மகோகனி, நல்ல பலா எல்லாம் கையில் இருந்தால் அவற்றைக் கதவுக்கு வையுங்கள். மேசைக்குப் பாரம் வேண்டும், அழகு வேண்டாம். வேம்பு நல்லது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. மா மரம் மலிவு. ஈரம் படாமல் வைத்திருந்தால் மேற்பலகைக்குப் போதும். பழைய வீட்டின் பனஞ்சலாகை கிடைத்தால் காலுக்கு அதைப்போல் ஒன்றில்லை, ஆனால் சிலாம்பு ஏறும், கவனம். மலைவேம்பும் அல்பீசியாவும் பாரமில்லாதவை, சீவும்போது மேசை உங்களோடு சேர்ந்து நடக்கும். மருந்து ஏற்றாத றப்பர் பலகையைப் பூச்சி விடாது. தற்காலிகக் கொட்டிலின் தூண்களையும் பிரித்து எடுக்கலாம், ஆனால் நிரந்தர வீட்டுக்குக் குடிபோன பிறகு. இருக்கிற கூரையைப் பிரித்து மேசை செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை.

மரம் எடுப்பதில் இரண்டு விஷயம் கவனம். முதலாவது சட்டம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். மரம் ஏற்றிப் போவதற்கும் சில வகைகளுக்கு வழி அனுமதிப்பத்திரம் தேவை. எந்த வகைக்குத் தேவை என்று மரக்காலையில் கேட்காதீர்கள், கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மரம் வாங்கினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது மேசை செய்து முடிந்த பிறகும் வீட்டில் இருக்கட்டும். வந்த இடத்தில் முதல் வருடமே பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டி வந்தால் அது எந்த மரத்துக்கும் பெறுமதியில்லை.

இரண்டாவது, வடக்கே போகிறவர்களுக்கு. மெதுவாகச் சொல்கிறேன், கேளுங்கள். பழைய பதுங்குகுழிகளுக்கும் மண் அணைகளுக்கும் பனங்குற்றி அடுக்கியிருப்பார்கள். நல்ல வைரம் பாய்ந்த மரம், சும்மா கிடக்கிறது என்று கை போகும். தொட வேண்டாம். மிதிவெடி அகற்றி, அந்த இடம் துப்புரவு என்று அறிவிக்கும்வரை குற்றியை இழுக்கவும் வேண்டாம், பக்கத்தில் போகவும் வேண்டாம். காட்டோரத்தில் மரப்பெட்டி கிடந்தால் பலகைக்கு ஆகும் என்று தூக்க வேண்டாம். இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். துப்புரவான காணியில் நின்ற மரமென்றாலும், போர் நடந்த இடத்து மரத்துக்குள் சன்னமும் செல் துண்டும் இருக்கும். பட்டை மூடி வளர்ந்துவிடும், வெளியே தெரியாது. மரத்தில் கறுத்த நீலக் கறை கண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று நினையுங்கள். அந்தத் துண்டை விட்டுவிட்டு வேறு துண்டு எடுங்கள். இருப்பது ஒரே ஒரு வாள், அதன் பல்லை இரும்பில் போட முடியாது.

மேசையின் அளவுக்கு வருவோம். நீளம் 6 அடி, அகலம் 2 அடி. உயரத்தை நான் சொல்ல மாட்டேன், உங்கள் உடம்புதான் சொல்லும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடியும் இடம் நிலத்திலிருந்து எவ்வளவோ அவ்வளவுதான் உயரம். நடுத்தர ஆளுக்கு 32 அங்குலம் அளவில் வரும். சீவுளி தள்ளும்போது தோளால் அல்ல, உடம்புப் பாரத்தால் தள்ள வேண்டும். மேசை உங்கள் மணிக்கட்டுக்கு மேலே போனால் அது முடியாது. வீட்டில் வேலை செய்யப் போவது அக்காதான் என்றால் அக்காவின் மணிக்கட்டை அளவெடுங்கள். குடும்பத் தலைவி ஒருத்தி தனியாக நடத்தும் வீடுகள் நம்மிடையே நிறைய. அண்ணன் தம்பியின் உயரத்துக்குச் செய்து வைத்துவிட்டு, "நீயும் செய்து பார்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

32 அங்குல உயரத்துக்கு என்னென்ன மரம் வேண்டும் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் 4க்கு 2 மரம் 28 அடி. மேற்பலகைக்கு 6க்கு 2 பலகை, 6 அடி நீளத்தில் 4. முன்னுக்கும் பின்னுக்கும் வரும் பக்கப்பலகைக்கு 8க்கு 1 பலகை, 6 அடி நீளத்தில் 2. 2க்கு 1 றீப்பை 8 அடி. போல்ட், மூன்று நூல் கனத்தில், அதாவது 3/8 அங்குலம், 5 அங்குல நீளத்தில் 8, 6 அங்குல நீளத்தில் 8, நட்டும் இரண்டு பக்கத்துக்கும் வாசரும். மூன்றரை அங்குல ஆணி அரைக் கிலோ. இரண்டரை அங்குல ஸ்குறூ ஆணி இரண்டு டசின். கீழ்த்தட்டுக்குக் கிடைக்கிற ஓரப்பலகை எதுவும் போதும்.

கால் செய்யும் முறைதான் இந்த மேசையில் முக்கியம். வழக்கமாக 4க்கு 4 மரத்தில் உளியால் துளை எடுத்து, சட்டத்தின் முனையில் கழுந்து சீவிப் பொருத்துவார்கள். அது நல்ல முறைதான். ஆனால் உளி பிடித்துப் பழகாதவர் துளையைப் பெரிதாக்கிவிடுவார், பிறகு ஆப்பு அடித்து மானம் காக்க வேண்டியிருக்கும். நாம் உளி இல்லாமலே துளை எடுப்போம். 4க்கு 2 மரத்தில் 30 அங்குலத் துண்டு ஒன்று அறுங்கள். அது காலின் வெளித் துண்டு. உள் பக்கமாக இன்னொரு 4க்கு 2ஐ முழு நீளமாக வைக்காமல், துண்டு துண்டாக வைக்கப் போகிறோம். அடியில் 4 அங்குலத் துண்டு. அதற்கு மேலே 4 அங்குலம் வெறும் இடம். பிறகு 18 அங்குலத் துண்டு. உச்சியில் மறுபடி 4 அங்குலம் வெறும் இடம். கூட்டிப் பாருங்கள், 30 வரும். அந்த வெறும் இடங்கள்தான் துளை. குறுக்குச் சட்டம் அதற்குள் வந்து உட்காரும்.

இதில் அளவு நாடாவை நம்ப வேண்டாம். மரக்காலையில் 4 அங்குலம் என்று தருவது மூன்றே முக்காலாகவும் இருக்கும், நாலேகாலாகவும் இருக்கும். அடித்துண்டை ஆணியடித்ததும், குறுக்குச் சட்டத்தையே அதன் மேல் வைத்து, அதை ஒட்டி அடுத்த துண்டை வைத்து ஆணியடியுங்கள். உச்சியில் மிஞ்சும் இடத்தையும் சட்டத்தை வைத்தே பாருங்கள். பொருந்தாவிட்டால் 18 அங்குலத் துண்டைக் கூட்டிக் குறையுங்கள். மரத்தை மரத்தால் அளந்தால் பிழை வராது. மரப்பசை இருந்தால் துண்டுகளுக்கு இடையில் பூசுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படி நான்கு கால். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றும் 22 அங்குலம், நான்கு வேண்டும். இரண்டு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். இது ஒரு பக்கச் சட்டகம். அதேபோல் இன்னொன்று. சட்டகத்தைச் சமநிலத்தில் படுக்கவைத்து, மூலைக்கு மூலை குறுக்காக ஒரு கயிற்றால் அளவுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. பிறகுதான் துறப்பணத்தால் வெளித் துண்டையும் சட்டத்தையும் சேர்த்து ஒரே துளையாகத் துளைத்து, 5 அங்குல போல்ட்டை ஏற்றுங்கள். தனித்தனியாகத் துளைத்துவிட்டுப் பிறகு பொருத்தப் பார்த்தால் துளைகள் ஒன்றையொன்று பார்க்காது. துறப்பணம் இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். எல்லாத் துளையும் ஒரே நாளில் முடியும் வேலைதான்.

இரண்டு சட்டகத்தையும் நிறுத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் 8 அங்குலப் பக்கப்பலகையைப் பூட்ட வேண்டும். மேசையின் இரண்டு முனையிலிருந்தும் 10 அங்குலம் உள்ளே கால் வரட்டும். ஒவ்வொரு காலுக்கும் பக்கப்பலகை வழியாக இரண்டு போல்ட், 6 அங்குலம். மேலே ஒன்று வெளித் துண்டில், கீழே ஒன்று உள் துண்டில், குறுக்குச் சாய்வாக வரட்டும். முன்பு ஏற்றிய போல்ட்டில் முட்டாமல் உயரத்தைத் தள்ளிக் குறியுங்கள். இரண்டையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேராக வைத்தால் பலகை அந்த வரியில் பிளக்கப் பார்க்கும்.

இந்த அகலமான பக்கப்பலகைதான் மேசையை ஆடாமல் வைக்கிறது. நாலு காலும் ஒரு பலகையும் மட்டும் வைத்த மேசை சீவும்போது முன்னும் பின்னும் ஊசலாடும், இரண்டு மாதத்தில் ஆணி கழன்றுவிடும். பீட்டர் நிக்கல்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1812இல் எழுதிய தொழில் நூலில் காட்டிய மேசையும் இந்த வகைதான். 200 வருடத்துக்கு மேல் இந்த வடிவம் நின்றிருக்கிறது. காரணம் அது செல்வந்தர் வீட்டுச் சாமான் அல்ல. வேலைத் தலத்திலேயே குறைந்த மரத்தில் விரைவாக அடித்து எடுக்கக்கூடியது.

மேற்பலகை நான்கையும் பக்கம் பக்கமாக அடுக்குங்கள். நல்ல முகம் மேலே. பலகைகளுக்கு இடையில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். மழைக்கு மரம் ஊதும், இடம் இல்லாவிட்டால் முதுகு வளையும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதை நீங்களே பார்ப்பீர்கள். மேலிருந்து ஆணி அடிக்க வேண்டாம். சீவுளி அலகு ஒரு நாள் அந்த ஆணியில் படும், அன்றைக்கு வேலை நின்றுவிடும். மேல் குறுக்குச் சட்டத்தின் உள்பக்கத்தில் றீப்பையை மேல் விளிம்போடு சமமாகப் பூட்டி, றீப்பையின் அடியிலிருந்து ஸ்குறூ ஆணியை மேலே பலகைக்குள் ஏற்றுங்கள். கீழ்ச் சட்டங்களின் மேல் ஓரப்பலகை பரப்பினால் கீழ்த்தட்டு. மேசை பாரம் போதவில்லை என்றால் இரண்டு மணல் மூட்டையை அங்கே வையுங்கள்.

மட்டம் பார்க்க இரண்டு நேரான றீப்பைத் துண்டு போதும். ஒன்றை அந்த முனையில் குறுக்காகவும் மற்றதை இந்த முனையில் குறுக்காகவும் வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் மேசை முறுக்கில்லாமல் இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தால் அந்த மூலையைச் சீவி இறக்குங்கள். முறுக்கிய மேசையில் செய்யும் கதவும் முறுக்கித்தான் வரும். நிலையில் பூட்டும்போது மேல் மூலை ஒட்டும், கீழ் மூலை வாய் பிளக்கும்.

கால் மண்ணில் நேராக நிற்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் அரைச் செங்கல், அதன் மேல் ஓரம் கீழே மடித்த தகரத் துண்டு. கறையான் அதற்கு மேலேயும் மண் பாதை கட்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி கட்ட வேண்டி வரும். கண்டவுடன் தட்டிவிடலாம்.

இவ்வளவும் செய்தால் நல்ல மேசை. ஆனால் மரத்தை இன்னும் பிடிக்கவில்லையே. இரும்பு வைஸ் வாங்கக் காசு வரும்வரை என்ன செய்வது? மேசையின் இடது முனையில் ஒரு றீப்பைத் துண்டைக் குறுக்காகப் பூட்டுங்கள், உயரம் அரை அங்குலம் மேலே தெரிந்தால் போதும், ஆணித் தலை மேலே தெரியாமல் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பலகையை அதில் முட்டவைத்துச் சீவலாம். முன் பக்கப்பலகையில் முக்கால் அங்குலத் துளைகளை அரை அடிக்கு ஒன்றாக வரிசையாகத் துளையுங்கள். ஒரு மரமுளையைச் செருகினால் நீளக் கதவுச் சட்டத்தின் ஒரு முனை அதன் மேல் உட்காரும். மற்ற முனைக்கு இடது மூலையில் ஒரு கொக்கிக் கட்டையைப் பூட்டி, சட்டத்துக்கும் கட்டைக்கும் இடையில் ஆப்பைத் தட்டினால் அது இறுகிவிடும்.

மேற்பலகைக்கு எனக்குப் பிடித்தது கொல்லன் பட்டறையில் அடித்து வாங்கும் பிடிகம்பி. ஐந்து நூல் உருளைக் கம்பி, வரி இல்லாத வழுவழுப்பான கம்பி, ஏழு என்ற இலக்கம் போல் வளைத்து, நுனியைத் தட்டையாக அடித்துத் தரச் சொல்லுங்கள். கொங்கிறீட் கம்பி வேண்டாம். மேற்பலகையில் முக்கால் அங்குலத் துளை போட்டு அதைச் செருகி, தட்டையான நுனியை மரத்தின் மேல் வைத்து, தலையில் ஓர் அடி. கம்பி துளைக்குள் சாய்ந்து இறுகிவிடும், யானை இழுத்தாலும் வராது. எடுக்க வேண்டுமானால் பின்புறமாக ஓர் அடி. வழுக்கினால் கம்பியின் உடம்பை அரத்தால் கொஞ்சம் சொரசொரப்பாக்குங்கள். மூன்றாவது கை வேண்டாம், மறுமுனை பிடிக்கப் பிள்ளையும் வேண்டாம்.

ஈர மரத்தில் செய்யலாமா என்று கேட்பீர்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 2 அங்குலப் பலகைக்கு இரண்டு வருடம். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, அதனால்தான் ஆணிக்குப் பதில் போல்ட் என்கிறேன். மரம் காயக் காயச் சுருங்கும், மூட்டுத் தளரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நட்டை இறுக்குங்கள். ஒரு வருடத்தில் மரம் நின்றுவிடும், அப்போது மேற்பலகையை ஒரு தடவை சீவி மட்டமாக்குங்கள்.

போல்ட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. முன்பு ஒரு பயிற்சியில் வயதான ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் ஏழு தடவை வீட்டை விட்டிருக்கிறேன். இவ்வளவு பாரமான சாமானை ஏன் செய்யச் சொல்கிறாய்? இன்னொரு தடவை எழும்பச் சொன்னால் இதைத் தூக்கிக்கொண்டு ஓடவா?" அங்கே யாரும் சிரிக்கவில்லை. எழும்பி எழும்பிப் பழகியவர்கள் பாரமான சாமான் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பாய், சட்டி, பத்திரங்கள் உள்ள பை, அவ்வளவுதான். அது பயம் இல்லை, அனுபவம். "இனி ஒன்றும் நடக்காது" என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை.

ஆனால் இந்த மேசையைக் கழற்ற முடியும். பக்கப்பலகையின் 8 போல்ட்டும் கொஞ்சம் ஸ்குறூ ஆணியும் கழற்றினால், இரண்டு சட்டகம், இரண்டு பக்கப்பலகை, நான்கு மேற்பலகை. இரண்டு பேர், ஒரு மணி நேரம், ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கத்திலும் ஒரே இலக்கத்தைப் பென்சிலால் எழுதாமல் உளியால் கீறி வையுங்கள். இங்கிருந்து சற்றுத் தள்ளி, மாத்தளைப் பக்கமாக, நாலந்தா கெடிகே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கருங்கல் கட்டடம், பார்க்கத் தமிழ்நாட்டுக் கோயில் போலவே இருக்கும். போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது தண்ணீருக்குள் போகவிருந்தது. 1975இல் கல் கல்லாகப் பிரித்து, உயரமான இடத்தில் திரும்ப அடுக்கி, 1980இல் முடித்தார்கள். கல்லையே அப்படிச் செய்ய முடிந்திருக்கிறது, இது மரம். மாலையில் நேரமிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், பஸ் இறங்கி நடக்கும் தூரம்தான்.

அந்த ஐயா மேசை செய்தாரா என்று கேட்கிறீர்கள். செய்தார். 5 அடி நீளத்தில், தன் அளவுக்கு.

மேசை முடிந்ததும் முதல் வேலையாகக் கதவில் கை வைக்க வேண்டாம். ஒரு முக்காலி, பிறகு யன்னல் நிலை, பிறகு கதவு. நிலை ஒன்று சரியாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் தானாகவே கேட்டு வருவார். கூலி பேசும்போது மரம் அவருடையது, ஆணியும் பசையும் யாருடையது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவதெல்லாம் அதில்தான்.

வருடக்கணக்காகத் தச்சு வேலை செய்தும் கையில் ஒரு கடதாசி இல்லாதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இடம்பெயர்ந்ததில் இருந்த கடதாசியும் போயிருக்கும். திரும்ப ஒரு வருடம் படிக்கத் தேவையில்லை. முன்பு கற்ற தொழிலைப் பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். உங்களை வேலை செய்ய வைத்துத்தான் பார்ப்பார்கள். அதற்கு வீட்டில் பழகி வைக்க ஒரு மேசை இருந்தால் கை நடுங்காது. செய்த வேலைகளைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

அவ்வளவுதான். இப்போது முற்றத்துக்குப் போவோம். எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், அறுத்த துண்டு காலில் விழும். சின்னப் பிள்ளைகளை வேலி அந்தப் பக்கம் விடுங்கள். மூன்று பேருக்கு ஒரு கால் என்று பிரித்துக்கொள்வோம். முதலில் எல்லோருடைய மணிக்கட்டு உயரத்தையும் இந்தச் சுவரில் குறிப்போம். அக்கா, நீங்கள் முன்னுக்கு வாருங்கள், உங்களிலிருந்து தொடங்குவோம்.